தேயிலை மலையில் எரிகல் எண்ணுவது எப்படி? திகதி குறிப்பதிலிருந்து கணக்கு அனுப்புவது வரை

எரிகல் பொழிவுகள் எனக்குச் சோறு போடும் வேலை. ஆண்டில் பெரும்பகுதி கணினித் திரையில் அவற்றின் தூசிப் பாதைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிசெம்பர் வந்தால் கால் நிற்காது. இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கம் என் ஊருக்கு வந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களோடும் மல்லாந்து படுத்து எண்ணுவேன். வானியல் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. ஆனால் அவர்கள் ஒழுங்காக எழுதிக் கொடுத்த தாளை என் தொழில்காரர்கள் யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். சும்மா பார்த்து ரசிக்க இவ்வளவு தேவையில்லை, வெளியே வந்து தலையைத் தூக்கினால் போதும். எண்ணிக்கை பயன்பட வேண்டுமானால் மட்டும் இந்த வரிசை. வரிசையை மாற்றுபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் வேன் பேசுவார்கள், பிறகு இடம் பார்ப்பார்கள், நிலவைக் கடைசி இரவில்தான் நினைப்பார்கள்.

1. நிலவைப் பார்த்துத் திகதி குறியுங்கள்

நம் நாட்டில் இதற்கென்றே ஒரு பொறி இருக்கிறது: போயா விடுமுறை. எல்லாருக்கும் லீவு, பஸ் ஓடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அன்று முழு நிலவு. மங்கலான எரிகற்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும், மிஞ்சுவது விரல் விட்டு எண்ணக்கூடியவை. போயா இரவுக்கு ஆள் சேர்க்காதீர்கள்.

வீட்டில் தொங்கும் பஞ்சாங்கக் காலண்டரே போதும். பொழிவின் உச்ச நாள் அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னோ பின்னோ வந்தால் நல்லது. வளர்பிறையானால் நிலவு முன்னிரவிலேயே இறங்கிவிடும், பின்னிரவு நமக்கு. தேய்பிறையானால் முன்னிரவு இருட்டு, ஆனால் நல்ல பொழிவுகள் பெரும்பாலும் பின்னிரவில்தான் வரும். அதனால் வளர்பிறைதான் நமக்கு வசதி. நிலவு எழுவதும் மறைவதும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போடலாம்.

2026 டிசெம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் திகதி அமாவாசை. 13ஆம் திகதி இரவு மெல்லிய பிறை, பத்து மணியளவில் மலைக்குப் பின்னால் போய்விடும். இதைவிட வாகாகக் கேட்க முடியாது.

2. நம் மலைக்கு ஒத்துவரும் பொழிவைத் தேர்ந்தெடுங்கள்

பத்திரிகையில் வரும் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். துருவ நட்சத்திரமே நம் அடிவானத்தில் ஏழு பாகைதான் ஏறும், முக்கால்வாசி இடங்களில் அது எதிர்மலைக்குப் பின்னால். வடக்கே ஒதுங்கிய பொழிவுகள் நமக்குச் சரிந்துதான் தெரியும்.

ஓகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சீட் அப்படித்தான். உலகமெல்லாம் கொண்டாடுகிறதே என்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் காத்திருந்தால் தென்மேல் பருவக்காற்று மேகத்தை வாரிப் போட்டிருக்கும். பார்த்தே ஆகவேண்டுமென்றால் அந்தக் காலத்தில் காய்ந்திருக்கும் ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை என்று போங்கள்.

ஜெமினிட்தான் என் முதல் தேர்வு. டிசெம்பர் 13, 14 இரண்டு இரவும் இருங்கள், ஏனென்றால் உச்சம் எந்த மணியில் விழும் என்பது ஆண்டுக்கு ஆண்டு நகரும். இதன் எரிகற்கள் எல்லாம் புறப்படுவது போல் தோன்றும் இடம், அதாவது கிளம்பும் புள்ளி, இரவு எட்டு மணியளவில் கிழக்கே எழுந்து, இரண்டு மணிக்கு 65 பாகை உயரத்துக்கு வரும். வடகீழ் பருவக்காற்றுக் காலம் என்பதால் பதுளைப் பக்கம் மழை அதிகம், மேற்குச் சரிவுகளில் வானம் திறக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டு பக்கமும் சொந்தக்காரர் இருந்தால் மாலை ஆறு மணிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வானிலைச் செயலியைவிட மாமி சொல்வதையே நான் நம்புகிறேன்.

அடுத்தது மே 5, 6 விடியற்காலை வரும் ஈட்டா அக்வாரிட். வட ஐரோப்பாவில் இதைக் கிட்டத்தட்ட பார்க்கவே முடியாது, நமக்கோ இரண்டு மணியளவில் எழுந்து நான்கரைக்கு 40 பாகைக்கு மேல் நிற்கும். மாலையில் இடி மின்னலோடு கொட்டிய வானம் விடியுமுன் கழுவி விட்டது போல் இருப்பதும் இந்தக் காலத்தில்தான். ஒக்டோபர் 21, 22இன் ஓரியோனிட்டும் நமக்கு நல்ல உயரத்தில் வரும், ஆனால் அந்த மாதத்து மழையை நம்பித் தனியாக வேன் பேசாதீர்கள். ஜனவரி 3, 4இன் குவாட்ரான்டிட் நம்மிடம் இரண்டு மணிக்குப் பிறகுதான் எழும், உச்சமும் சில மணி நேரம்தான். முதல் முறை வருபவருக்கு அது வேண்டாம்.

3. இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள்

இரவில் முதல் தடவை ஒரு மலைக்குப் போகக் கூடாது. கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் டோர்ச் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், கண் பழகவே பழகாது.

பள்ளத்தில் படுக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அங்கேதான் மூட்டம் முதலில் கட்டும். நீர்த்தேக்கத்தின் கரை மாலையில் அழகாக இருக்கும், ஒரு மணிக்கு எதிரில் இருப்பவரே தெரியமாட்டார். மலையின் உச்சி முனையும் சரியில்லை, காற்று அறையும், மேகம் அதில்தான் முட்டும். நடுச்சரிவில், லயத்திலிருந்து கொஞ்சம் மேலே, வானம் பாதிக்கு மேல் திறந்த இடமே வாகு. தோட்டத்து விளையாட்டுத் திடல் பல ஊர்களில் இதற்கு அமைந்த மாதிரி இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலை திறந்து தெரியும், ஆனால் இருட்டில் அந்தக் கட்டைகள் காலைக் குத்தும்.

வெளிச்சத்தை இரவு பத்து மணிக்குத்தான் சரிபார்க்க முடியும், ஆகவே ஒரு வாரம் முன்பு ஒரு இரவு எட்டிப் பாருங்கள். கொழுந்து அதிகமாக வரும் நாட்களில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, விடிய விடிய ஓடும். கோவில் கம்பத்து விளக்கும் எரியும். டிசெம்பர் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டால் மஸ்கெலியாப் பக்கத்துச் சரிவில் படிக்கட்டு விளக்குகள் வரிசையாக எரியும், அந்தத் திசைக்கு முதுகைக் காட்டும்படி இடம் பாருங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றிரவு முறையில் இருக்கும் வாட்சரிடமும் சொல்லுங்கள். ஒரு வருடம் இரண்டாவதை விட்டுவிட்டோம். நடுச்சாமத்தில் மலையில் பதினைந்து பேர் படுத்துக் கிடப்பதைப் பார்த்த மனிதர் முதலில் பயந்து, பிறகு எங்களைப் பயமுறுத்தி, கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தேயிலை மலையில் சிறுத்தை நடமாடும் ஊர்களும் உண்டு. காட்டு ஓரம் வேண்டாம், தனியாள் வேண்டாம், குளவிக் கூடு இருக்கும் மரம் வேண்டாம்.

4. மூட்டை கட்டுங்கள்

குளிர்தான் எண்ணிக்கையைக் கெடுக்கும் முதல் எதிரி. நடுங்குகிறவர் வானத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கூட்டைப் பார்க்கிறார். அசையாமல் படுத்திருப்பதால் நடக்கும்போது தெரியாத குளிர் எலும்புக்குள் போகும். நினைத்ததைவிட இரண்டு பங்கு உடுப்பு.

கீழே படங்கு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய். குளிர் காற்றிலிருந்து வருவதைவிட ஈர நிலத்திலிருந்து முதுகு வழியாக வருவதே அதிகம். மேலே கம்பளி, காது மூடும் தொப்பி, இரண்டு சோடி காலுறை. அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ. சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சி போட்ட பிளேன்டீ, ஆளுக்கு இரண்டு ரொட்டி.

எழுதப் பென்சில் கொண்டு வாருங்கள், பேனா வேண்டாம். பனியில் நனைந்த தாளில் பேனா வழுக்கிவிட்டு எழுதாது, விடிந்து பார்த்தால் வெறும் கீறல் இருக்கும். டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று நான்கு மடிப்பாகக் கட்டுங்கள். கண்ணின் இருட்டுப் பார்வையைச் சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. கைக்கடிகாரத்தை மாலையில் போன் நேரத்தோடு ஒத்து வையுங்கள், அப்புறம் போனை அணைத்துவிடுங்கள். பையில் இருக்கும் போன் எப்படியும் வெளியே வரும்.

தொலைநோக்கி வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஆசையாகத் தூக்கி வருகிறார்கள். அது வானத்தின் ஒரு பொட்டைத்தான் காட்டும், எரிகல் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

5. அரை மணி நேரம் சும்மா இருங்கள்

கண் முழுதாக இருட்டுக்குப் பழகக் குறைந்தது 20 நிமிடம், நன்றாகப் பழக அரை மணி. அதற்கு முன் எண்ணினால் முதல் கால் மணி குறைவாகவும் அடுத்தது கூடுதலாகவும் வரும். தாளைப் பார்ப்பவர் பொழிவு கூடிவிட்டது என்று நினைப்பார். கூடியது உங்கள் கண்ணின் திறன்.

நடுவில் ஒருவர் போன் திரையைத் திறந்தால் அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கடிகாரம் பின்னுக்குப் போகும். எங்கள் கூட்டத்தில் திரையைக் காட்டியவர் எல்லாருக்கும் அடுத்த நாள் ரொட்டி வாங்கித் தரவேண்டும். சட்டம் நன்றாக வேலை செய்கிறது.

6. எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது

ஜெமினிட் கிளம்பும் மிதுனத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். கிளம்பும் புள்ளிக்கு அருகில் எரிகல் நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாக இருக்கும், கண்ணில் படாமல் போகும். அதிலிருந்து 30, 40 பாகை தள்ளி, அடிவானத்திலிருந்து 50, 60 பாகை உயரத்தில் பார்வையை வையுங்கள். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் 10 பாகை, விரல் விரித்த ஒரு சாண் ஏறக்குறைய 20. இரண்டு சாண் தள்ளிப் பாருங்கள் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

தரையோடு படுத்தால் நேர் மேலே பார்ப்பீர்கள், கழுத்தும் பிடிக்கும். தலைப்பக்கம் ஒரு மூட்டை வைத்துச் சாய்வாக்குங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் ராஜ வாழ்க்கை.

7. ஒரு ஆள், ஒரு தாள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வீணாய்ப் போன தாள்களில் பெரும்பாலானவை இங்கேதான் வீணாயின.

முதல் வருடம் எங்கள் கூட்டம் கத்தியது. ஒருவர் "அந்தா!" என்பார், ஏழு பேர் திரும்புவார்கள், ஏழு பேரும் ஒரு கோடு போடுவார்கள். பார்த்தது இரண்டு பேர். காலையில் எல்லாத் தாளையும் கூட்டி ஒரு பெரிய எண்ணை என்னிடம் மகிழ்ச்சியாகக் கொடுத்தார்கள். அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு சோடிக் கண் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்த்தது என்பதுதான் கேள்வி, கூட்டத்தின் மொத்தம் அதற்குப் பதில் சொல்லாது.

ஆகவே தான் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கத்தியபின் திரும்பிப் பார்த்தது கணக்கில் சேராது. வாய் அடங்காதவர்களை நாலு அடி தள்ளிப் படுக்க வையுங்கள். கூட்டலும் சராசரியும் உங்கள் வேலை இல்லை.

தாளைக் கால் மணிக் கால் மணியாகப் பிரியுங்கள். நேரம் சொல்ல ஒருவர் போதும், அவர் எண்ண வேண்டாம். தலையைத் தூக்காமல் இருட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதப் பழகுங்கள். ஜெமினிட் என்றால் ஜெ, எந்தப் பொழிவையும் சேராமல் தனியாக வந்தது என்றால் த. எழுதக் குனிந்த நேரம், தேத்தண்ணி குடித்த நேரம், ஒதுங்கப் போன நேரம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும், அதனால் இடைவேளையை நிமிடத்தோடு குறியுங்கள்.

போன முறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "சேர், கால் மணியா ஒன்னுமே வரலீங்க. இந்தக் கட்டத்த விட்டுறவா?" விடக் கூடாது. பூச்சியம் போட வேண்டும். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் அவன் தூங்கினானா, வானம் மூடியதா, உண்மையிலேயே வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவன் போட்ட பூச்சியம் அன்றைய தாளில் இருந்த மற்ற எண்களுக்கு நிகரானது.

8. எது ஜெமினிட், எது இல்லை

எந்த இரவிலும் எந்தப் பொழிவையும் சேராத எரிகற்கள் வந்துகொண்டிருக்கும். அவற்றைப் பிரிக்காவிட்டால் எண்ணிக்கை உப்பிவிடும்.

கல்யாணப் பொருத்தத்தில் புனர்பூசம் என்கிறோமே, அந்த இரட்டை நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள். முதலில் எழுவது, கொஞ்சம் மங்கலானது, காஸ்டர். கிளம்பும் புள்ளி அதன் பக்கத்தில்தான். எரிகல் போனதும் அரை மீட்டர் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அது போன கோட்டின்மேல் வையுங்கள், பின்னோக்கி நீட்டுங்கள். நூல் காஸ்டர் அருகே போனால் ஜெமினிட்டாக இருக்கலாம்.

இருக்கலாம்தான். இன்னும் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, நீளம்: கோடு தொடங்கிய இடம் கிளம்பும் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரமோ, கோட்டின் நீளம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. புள்ளிக்குப் பக்கத்திலேயே நீளமாகக் கிழித்துப் போனால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. இரண்டு, வேகம்: ஜெமினிட் நொடிக்கு 35 கிலோமீற்றர், நடுத்தரம். நவம்பரில் வரும் லியோனிட் நமக்கு எதிரே வந்து மோதுவதால் 71. கண் சிமிட்டுவதற்குள் வெட்டிவிட்டுப் புகைக்கோடு விட்டுப் போனால் டிசெம்பரில் அதைச் சந்தேகப்படுங்கள்.

மெதுவாக, நிமிடக்கணக்கில் நகரும் புள்ளி செயற்கைக்கோள். சிவப்பும் பச்சையும் மினுக்கினால் விமானம். புதிதாக வருபவர்களை உண்மையில் ஏமாற்றுவது கண்ணோரத்தில் போகும் மின்மினிதான். சந்தேகமானால் எழுதாமல் விடுங்கள்.

9. வெளிச்சத்துக்கு எண் கொடுங்கள்

இதைப் பலர் தவிர்க்கிறார்கள், எனக்கோ இதுதான் கூடுதல் ருசி. ஜெமினிட்டில் பொடித் துகள்கள் முந்தியும் பெரியவை பிந்தியும் வரும். உச்சம் கடக்கும்போது பளிச்சென்றவை எந்த மணியில் கூடுகின்றன என்று தெரிய, ஒவ்வொன்றின் பிரகாசமும் வேண்டும்.

பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சிரியஸ் −1.5, ரோகிணி ஏறக்குறைய 1, வேட்டைக்காரன் (ஓரியன்) இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றும் ஏறக்குறைய 2, கார்த்திகைக் கூட்டத்தில் மிகப் பிரகாசமானது 3. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும், அது முதலில் குழப்பும். முழு எண் போதும். எல்லாவற்றுக்கும் 0 என்று எழுதுவது புதியவர்களின் வழக்கம், ஆச்சரியத்தில் எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. இரண்டாம் இரவில் சரியாகிவிடும்.

10. வானத்தின் நிலையையும் எழுதுங்கள்

மணிக்கு ஒரு தடவை, கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரம் எது என்று அளக்க வேண்டும். சர்வதேச எரிகல் அமைப்பு இதற்காக வானத்தில் முக்கோணங்களையும் நாற்கோணங்களையும் குறித்து வைத்திருக்கிறது. ஒன்றுக்குள் மூலை நட்சத்திரங்களோடு சேர்த்து எத்தனை தெரிகிறது என்று எண்ணி, அட்டவணையில் பார்த்தால் எல்லைப் பருமன், அதாவது அந்த மிக மங்கலான நட்சத்திரத்தின் பிரகாச எண், கிடைக்கும். அட்டவணையை வீட்டில் பாருங்கள், மலையில் எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள்.

மேகத்தைப் பத்தில் எத்தனை பங்கு என்று எழுதுங்கள், உங்கள் பார்வைப் பரப்பில் மட்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடினால் நான் நிறுத்திவிட்டுக் கம்பளிக்குள் போய்விடுவேன். மிஸ்ட் நம் ஊரில் பத்து நிமிடத்தில் வந்து பத்து நிமிடத்தில் போகும், ஆகவே மூட்டையைக் கட்டிவிடாதீர்கள். வந்த நேரமும் போன நேரமும் தாளில் வேண்டும்.

11. தூங்கி எழுந்து கணக்கை அனுப்புங்கள்

நேரத்தைக் கிரீன்விச் நேரமாக மாற்றுங்கள்: ஐந்தரை மணி கழிக்க வேண்டும். 13ஆம் திகதி இரவு பத்தரை என்றால் 17:00. 14ஆம் திகதி அதிகாலை நாலு மணி என்றால் 22:30, ஆனால் திகதி இன்னும் 13. இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். விடியற்காலை ஐந்தரை வரை கிரீன்விச்சில் நேற்றுதான்.

"மணிக்கு 150 என்று செய்தியில் சொன்னார்களே, எனக்கு 31தானே?" என்ற கேள்வி தவறாமல் வரும். அந்த 150 என்பது அப்பழுக்கில்லாத இருட்டில், கிளம்பும் புள்ளி உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்தால் ஒருவர் பார்க்கக்கூடியது. உங்கள் 31ஐ அதற்கு மாற்றிப் பார்ப்போம். பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரை எண்ணினீர்கள், இடைவேளை போக 0.9 மணி. மேகம் பத்தில் ஒன்று, அதற்கு 1.11ஆல் பெருக்கு. எல்லைப் பருமன் 5.9, கணக்குக்கு அடிப்படையான 6.5க்கு 0.6 குறைவு, இதற்கு ஜெமினிட்டுக்கு வழங்கும் எண் 2.6, அதன் 0.6ஆம் அடுக்கு, அதாவது 1.77ஆல் பெருக்கு. நள்ளிரவில் கிளம்பும் புள்ளியின் உயரம் 50 பாகை, அதன் சைன் 0.77ஆல் வகு. நேரத்துக்காக 0.9ஆல் வகு. வருவது 88.

பத்து மணிக்கு அதே புள்ளி 27 பாகையில்தான் இருந்தது, சைன் 0.45. முன்னிரவில் மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள் இந்த ஒரு எண்ணில்தான் ஏமாறுகிறார்கள்.

இந்தக் கணக்கு உங்கள் திருப்திக்கு மட்டும். சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தில் மூலத்தையே போடுங்கள்: தொடக்க முடிவு நேரம், பார்த்த திசை, எல்லைப் பருமன், மேகம், ஜெ எத்தனை, த எத்தனை, பிரகாச எண்கள். ஆளுக்கொரு படிவம். நமக்கு நடு இரவாக இருக்கும்போது ஜப்பானில் விடியல் நெருங்கிக்கொண்டிருக்கும், ஐரோப்பாவில் மிதுனம் இன்னும் தாழ்வாகவே இருக்கும். அந்த இடைப்பட்ட மணிகளுக்கு நம் பக்கத்துத் தாள்கள் வேண்டும்.

தாளை அழகாகத் திரும்ப எழுதாதீர்கள். மண்ணும் தேத்தண்ணிக் கறையுமாக இருந்தாலும் முதலில் எழுதியதைப் படம் பிடித்து வையுங்கள். மாணவி ஒருத்தி விடிந்ததும் நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தாள், 00:45 கட்டத்தில் ஒன்பது ஜெமினிட். பழைய தாளைத் தேடிப் பார்த்தால் அது ஐந்துதான், பக்கத்தில் "மிஸ்ட் வந்துச்சு" என்று பென்சிலில் இருந்தது.